படகுத் தளத்துக்கு அடியில் வைத்தது

செங்குளம் காலனி,
ரெட்டியார்சத்திரம் வழி.
புதன்கிழமை.

அன்பு மகன் பிராங்க்ளினுக்கு,

நம் காலனிப் படகின் தளத்துக்கு அடியில் நீ மிதக்க வைக்கிற ஃபோம் வைக்கவில்லை. சோபாக் கடைக் குப்பையை வைத்து மூடியிருக்கிறாய். அந்தக் குப்பை மூன்று மழைக்காலமாகத் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய் இன்றைக்குப் படகைக் கீழே இழுக்கிறது. அந்தப் படகில்தான் பதினான்கு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். உன் மகள் ஜெஸ்ஸி அதில் ஒருத்தி.

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நலத்தில் ஆரம்பித்தால் நலத்திலேயே தாள் தீர்ந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஒட்டிவிடுவேன் என்று பயம், அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். இப்போது கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா, ஃபைபர் தூள் பட்டு கையில் வருகிற அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாயா, அறையில் சமைப்பது யார். இங்கே மாதாவின் தயவில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது, ஆனால் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஆனந்தி மில் வேனில் போய் வருகிறாள், இந்த மாதம் பகல் ஷிப்ட். ஜெஸ்ஸிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் வாயை மூடிக்கொள்கிறாள். கறுப்பு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டு ஒன்று தங்கியது. கிறிஸ்துமஸுக்கு ஆனந்தி உன் சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி மடித்து வைத்தாள். இவ்வளவுதான் நலம்.

போனில் பேசக்கூடாதா, இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ நினைப்பாய். பேசிப் பார்த்தேன். படகு என்ற வார்த்தை வந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பிள்ளையின் கவுனைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாய், நான் போனை வாங்கி தளத்துக்கு அடியில் என்னப்பு வச்சே என்று கேட்ட உடனே ஹலோ ஹலோ என்றாய், வைத்துவிட்டாய். பிறகு நான் அனுப்பிய நாலு குரல் செய்தியையும் கேட்டிருக்கிறாய், நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை. பேகம்பூர் அல் அமீன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார், உன் கேம்ப்புக்குப் பக்கத்துக் கேம்ப்தானாமே. அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். காகிதத்துக்கு சிக்னல் போகாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வருஷம் ஐப்பசியிலேயே குளம் நிறைந்து நம் பாதை முழுகிவிட்டது, படகை இறக்கினோம். படகு வந்த புதிதில் ஆறு பேர் சேர்ந்து கரையில் ஏற்றி இறக்குவோம், நீயே ஒரு பக்கம் பிடித்திருக்கிறாய். இந்த வருஷம் பத்துப் பேர் மூச்சு வாங்கினோம். வெயிலில் கிடந்த படகு, பூசணம் பிடித்திருக்கும், மண் ஒட்டியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீரில் விட்டபிறகுதான் பார்த்தேன். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் படகு கொடுத்த டிரஸ்ட்டுக்காரர்கள் பெயர் எழுதியிருக்கிறதே, முதல் வருஷம் பிள்ளைகளை ஏற்றினால்கூட அந்த எழுத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். இந்த வருஷம் காலிப் படகிலேயே எழுத்தின் கால் நனைகிறது. பிள்ளைகள் ஏறினால் பாதிப் பெயர் தண்ணீருக்குள். மூங்கிலை ஊன்றித் தள்ளினால் படகு உடனே வராது, செத்த நேரம் யோசித்துவிட்டு நகரும், நிறுத்தினால் நிற்காது. மூங்கில் பிடிக்கிறவனுக்குத் தோளில் தெரியும் அது. உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி.

டிசம்பர் இரண்டாவது வாரம், காலையில், குளத்துக்குள் இருக்கிற பழைய கிணற்றுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறோம். அந்த இடத்தில் என் மூங்கில் தரையைத் தொடாது. ஒரு நீர்க்காகம் மீனோடு மேலே வந்தது, பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். எப்போதும் சாய்வார்கள், படகும் சாய்ந்து தானாக நிமிரும். அன்றைக்கு நிமிரவில்லை. தளத்துக்கு அடியில் ஏதோ உருண்டு அந்தப் பக்கமாகப் போகிற சத்தம் கேட்டது, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி நடந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். விளிம்பில் தண்ணீர் நாக்கை நீட்டி உள்ளே வந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் எழுந்திருப்பார்கள். எல்லாரும் கீழ உக்காருங்க, யாரு ரொம்ப நேரம் அசையாம இருக்கான்னு பாப்போம் என்று விளையாட்டுபோலச் சொல்லிவிட்டு எதிர்ப் பக்கத்து விளிம்பில் என் உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கினேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. மெல்ல நிமிர்ந்தது. உன் மகள்தான் அந்தப் போட்டியில் ஜெயித்தாள், அசையவே இல்லை. கரை ஏறின பிறகு என்னிடம், "தாத்தா, படகு ஏன் ஒரு பக்கமா படுத்துத் தூங்குது?" என்று கேட்டாள். அன்றைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாமல் இரண்டு நடையாகத்தான் திரும்பக் கூட்டி வந்தேன். எட்டு என்ற கணக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

மறுநாளே ஊராட்சியில் சொன்னேன், மனுவும் எழுதிக் கொடுத்தேன். பாலம் கேட்டு இந்தக் கையால் எழுதின மனுவெல்லாம் எந்த அலமாரியில் கிடக்கிறதோ, அதோடு இதுவும் சேர்ந்தது என்றுதான் நினைத்தேன், ஆச்சரியமாக ஒன்றிய இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். படகில் ஏறவில்லை. கரையில் நின்று ஒரு காலை மட்டும் நீட்டிச் செருப்பால் தளத்தைத் தட்டிப் பார்த்தார். "யோவ் பொன்னுத்துரை, இது உள்ள ஃபோம் வச்ச படகுய்யா. கவுத்துப் போட்டாலும் மெதக்கும். நீதான் மெதக்க மாட்டே" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்ப அந்த மிதவைச் சட்டைகளையாவது கொடுங்க சார் என்றேன். படகோடு பன்னிரண்டு சட்டை வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், திறப்பு விழாப் படத்தில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், அன்றைக்குச் சாயங்காலமே கழற்றி வாங்கி ஊராட்சி அலுவலக அறையில் பூட்டினார்கள். நம் பிள்ளைகள் போட்டால் அழுக்காகிவிடுமாம். மூழ்காத படகுக்கு அது எதுக்கு என்று இன்ஜினியரும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலத்தெருக்காரன் தோட்டத்துக்கு மூன்று வீட்டுக்காக சிமெண்டு ரோடு போகிறது. அறுபது வீட்டுக்கு ஒரு படகு. அதிலும் மூழ்காது என்று எழுதிக் கொடுத்தால் போதும், மூழ்குகிறதா என்று யாரும் பார்க்க வேண்டாம்.

அரையாண்டு லீவு விட்டதும் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு இழுத்தும் படகின் முன்பாதிதான் கரை ஏறியது. மாதா கோயிலில் இருக்கிற துளைக்கருவியை எடுத்து வந்து, பக்கவாட்டில் அடி ஓரமாக, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டேன். ஃபைபர் தூள் வெள்ளையாகக் கொட்டியது, பிறகு ஈரத் தூள், பிறகு தண்ணீர். காலை ஒன்பது மணிக்கு விரல் கனத்துக்கு ஓட ஆரம்பித்தது, மூன்று மணி வரைக்கும் ஓடியது பிராங்க்ளின். குளத்துத் தண்ணீர் மாதிரிப் பச்சையாக இல்லை, டீ நிறத்தில், சாக்கடை நாற்றத்தோடு. ஓட்டம் நின்ற பிறகும் படகு இலேசாகவில்லை. சைக்கிள் ஸ்போக்கை வளைத்து உள்ளே விட்டுக் கொக்கிபோட்டு இழுத்தேன். கையளவு ஸ்பான்ஜ் பிய்ந்து வந்தது. பிழிந்தேன், ஒரு டம்ளர் தண்ணீர் விட்டது. பச்சை, ரோஸ், மஞ்சள் என்று பல நிறப் பொடி சேர்த்து ஒட்டின ஸ்பான்ஜ். அதோடு மெரூன் நிற ரெக்சின் நறுக்கு ஒன்று. எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று வரவில்லை.

எங்கே என்று கண்டுபிடித்தது உன் மனைவி. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் காயவைத்திருந்தேன். ஆனந்தி மில்லிலிருந்து வந்து அதைப் பார்த்தாள், உள்ளே போய் ஜெஸ்ஸியின் தலையணையை எடுத்து வந்து தையலைப் பிரித்தாள். அந்தப் படகு செய்துகொண்டிருந்த சமயத்தில் பட்டறைக்குப் பக்கத்து சோபாக் கடையில் மிச்சம் விழுந்தது என்று நீதானே ஒரு பை நிறையக் கொண்டுவந்து பிள்ளைக்குத் தலையணை செய்து கொடுத்தாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பச்சை, ரோஸ், மஞ்சள். மெரூன் ரெக்சின் நறுக்கு தலையணைக்குள்ளும் இருந்தது. "மாமா, அவுகளுக்கு எழுதுங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திறப்பு விழா அன்றைக்கு எல்லோரும் படகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள், செய்தவன் நீ, நீ மட்டும் ஏறவில்லை. காலில் ஆணி குத்திவிட்டது என்றாய், காலில் கட்டு எதுவும் இல்லை. சாயங்காலம் வீட்டில் என்னிடம், "அப்பா, எட்டுப் பேருக்கு மேல ஏத்தாதீக" என்றாய். இருபது பேர் ஏறலாம்னு எழுதியே போட்டிருக்கானேடா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததில் முக்காலை முழுங்கிவிட்டுக் காலை மட்டும் என்னிடம் துப்பியிருக்கிறாய். உன் பட்டறை முதலாளி இதற்குமுன் தண்ணீர்த் தொட்டியும் கதவும்தான் செய்து கொண்டிருந்தார், படகு அவருக்கும் முதல் தடவை, நல்ல ஃபோம் ஊற்றாதே, பக்கத்துக் கடையில் கிடக்கிறதை அள்ளி வை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்தான் சொல்லியிருப்பார். சரி. அள்ளி வைத்த கை யாருடையது?

என் பங்கையும் எழுதுகிறேன், மறைக்க மாட்டேன். தண்ணீர் உள்ளே போக வழி செய்தது நான். மாதா திருவிழாவுக்கு மேலத்தெரு வழியாகத் தேர் வரக்கூடாது என்று நிறுத்தினார்களே, அதற்காக நாம் படகிலேயே மாதாவை வைத்துக் குளத்தைச் சுற்றி வருகிறோம், அந்த யோசனையும் என்னுடையதுதான், அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. மாதா பீடம் ஆடக்கூடாது என்று தளத்தைத் துளைத்து நாலு போல்ட் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் பீடத்தை ஒவ்வொருவர் செய்து கொடுப்பது வேண்டுதல், அளவு மாறும், புதிதாக நாலு துளை. திருவிழா முடிந்ததும் கோயிலில் மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அந்தத் துளைகளில் ஊற்றி மேலே பெயிண்ட் அடித்துவிடுவேன். மந்திரித்த மெழுகு, அதைவிடக் காப்பு எது என்று நினைத்தேன். சித்திரை வெயிலில் கரையில் கிடக்கிற படகில் மெழுகு நிற்குமா? இப்போது சுரண்டிப் பார்த்தால், உருகி உள்ளே ஒழுகிவிட்டது. பன்னிரண்டு துளை, பெயிண்ட்டுக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு. பிள்ளைகளின் ஈரக்கால் தண்ணீர், மழைத் தண்ணீர், நான் வாளியால் இறைக்காமல் விட்ட தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் உள்ளே ஒழுங்கானது இருந்திருந்தால் அது தண்ணீருக்கு இடம் கொடுத்திருக்காது. நான் கதவைத் திறந்துவிட்டேன், நீ உள்ளே பாய் விரித்து வைத்திருந்தாய்.

இந்த மெழுகு விஷயத்தை நான் வெளியில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்பான்ஜை எடுத்துக்கொண்டு ஊராட்சிக்குப் போனேன். இரண்டாம் நாள் தலைவர், இன்ஜினியர், உன் முதலாளி மூன்று பேரும் கரைக்கு வந்தார்கள், மேலத்தெரு ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். உன் முதலாளி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போட்ட துளையில் பேனாவை விட்டு ஆட்டிக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து, "ஓட்டையைப் போட்டது யாரு? இவருதானே. தண்ணிப் படகுல ஓட்டையைப் போட்டா தண்ணி உள்ள போகாம பின்ன பாயாசமா போகும்?" என்றார். அம்புட்டுத்தான். ஊரே சிரித்தது. ஆறு மணி நேரம் தண்ணீர் வெளியே ஓடினதைப் பார்த்த நம் காலனி ஆட்களே சிரித்தார்கள் பிராங்க்ளின், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்பான்ஜைக் காட்டினேன், இது கடையில் வாங்கினது என்றார்கள். உன் பெயரை நான் அங்கே சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் ஃபைபர் பாயும் ரெசின் பசையும் வைத்துத் துளையை அடைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயரையும் புதிதாக எழுதினார்கள், கொஞ்சம் மேலே தள்ளி எழுதினார்கள். இனிமேல் அது நனையாது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என்மேல் ஒரு காகிதம் தயாராக இருக்கிறது, நான் மறுபடி வாயைத் திறந்தால் ஸ்டேஷனுக்குப் போகும்.

மூங்கிலை என்னிடமிருந்து வாங்கி மூக்கையாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரி டியூப்பில் உட்கார்ந்து மீன் பிடித்தே வளர்ந்தவன், நீச்சல் தெரிந்தவன். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, நான் மாட்டேன்னா மேலத்தெருவுல ஒருத்தனை வைப்பாக. அவனுக்கு நம்ம பிள்ளைக பேருகூடத் தெரியாது" என்றான். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதே என்று அவனிடம் சொன்னேன், நீ எனக்குச் சொன்ன மாதிரியே. அவனும் என்னை மாதிரியே சிரித்தான்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. குளம் இன்னும் ஒரு அடிகூட இறங்கவில்லை. ஜெஸ்ஸியை நான் கரை வழியாகச் சுற்றி நடத்திக் கூட்டிப்போவேன், ஆறு கிலோமீட்டர், விடிந்ததும் கிளம்பினால் போய்விடலாம். மற்ற பதின்மூன்று பேரையும் கூட்டிப்போகிறேன், அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மற்றவர்கள், சும்மா பிள்ளைகளைப் பயமுறுத்தாதே, மூழ்காத படகு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்கள். காகிதத்தை நம்புகிறார்கள், என்னை நம்பவில்லை. நம் பேத்தி மட்டும் தப்பித்தால் போதும் என்று நான் கரையில் நடந்து போக, பதினோரு பிள்ளைகள் அந்தக் கிணற்றுக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அவர்கள் எனக்குக் கை காட்டுவார்கள்.

உன் அம்மா இதை எழுத வேண்டாம் என்கிறாள். "எம்பிள்ளை சோத்துல மண்ணள்ளிப் போடப் போறீகளா" என்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போனாள். உனக்கு விசா எடுத்துக் கொடுத்தது உன் முதலாளி, அங்கே நீ வேலை செய்கிற யார்டு அவருடைய மச்சானுடையது, நீ வாயைத் திறந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். இதற்குத்தான் உன்னை அவ்வளவு அவசரமாக அனுப்பி வைத்தாரோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. நம் ஆட்களில் ஒருவன் கைத்தொழில் கற்றுக் கடல் தாண்டினதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அந்த யார்டில் ஃபோம் எப்படி ஊற்றுகிறார்கள், துளைகளை எப்படி அடைக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை படகை எப்படி எடை போட்டுப் பார்க்கிறார்கள் என்று நீயே போன வருஷம் ஆனந்தியிடம் வாய் ஓயாமல் சொன்னாய். அரபிக்காரன் மீன் பிடித்து விளையாடுகிற படகுக்கு அவ்வளவு செய்கிறாய். திரும்பி வந்தால் என்ன, நம் வீட்டுக் கதவு உனக்குச் சாத்தியா இருக்கும்? கூலி வேலைக்குப் போவோம், இரண்டு பேரும் போவோம். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையில் வரிசையாகப் படுக்க வைத்தபிறகு நீ வந்தால், எந்த முகத்தோடு வாசல் ஏறுவாய், நான் எந்த முகத்தோடு வா என்பேன்?

திங்கட்கிழமை காலையிலேயே திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். நான் ஆறு மணி வண்டிக்கே போய் முதல் ஆளாக நிற்கப் போகிறேன், அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஜெஸ்ஸியையும் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஆனந்தி மில்லுக்கு லீவு போட்டுவிட்டு நடத்திக் கூட்டிப்போவாள். மெழுகு ஊற்றின பன்னிரண்டு துளையையும் நான்தான் போட்டேன் என்று என் மனுவில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன், ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால் போகிறேன். ஆனால் தண்ணீர் நான் கடைசியாகப் போட்ட துளையால் நேற்று வந்ததில்லை, மூன்று வருஷமாக உள்ளே இருக்கிறது, அதைக் குடித்து வைத்திருப்பது எது என்று சொல்ல உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் சொல்ல மாட்டார். தளத்தை முழுவதும் அறுத்துப் பாருங்கள் என்று நான் சொன்னால் யாரும் அறுக்க மாட்டார்கள். செய்தவன் எழுதிக் கொடுத்தால் அறுத்துத்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு. ஃபைபர் தேய்க்கும்போது மூக்குக்கு முகமூடி இல்லாமல் நிற்காதே, துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. வெள்ளிக்கிழமை லீவில் துணி துவைக்கிற சாக்கில் பூசை ஜெபத்தை விட்டுவிடாதே. அல் அமீனிடம் உனக்கு நெய் முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறாள் அம்மா, அவள் கோபம் என்மேல்தான், உன்மேல் இல்லை. மாதா உனக்குத் துணை இருக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு சேதமும் வராமல் காக்கட்டும், நல்ல புத்தியும் தைரியமும் தரட்டும். உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு ஸ்பான்ஜ் துண்டு இருக்கிறது. ஒன்று படகிலிருந்து எடுத்தது, ஒன்று பிள்ளையின் தலையணையிலிருந்து ஆனந்தி வெட்டிக் கொடுத்தது. எது எது என்று உனக்கு வித்தியாசம் தெரிகிறதா பார்.

கடைசித் தாளில் நானே பாதி எழுதி வைத்திருக்கிறேன். மிச்சத்தை உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்கு அனுப்பு. நீ எழுதுகிற வரைக்கும் அல் அமீன் பேனாவோடு நிற்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பொன்னுத்துரை.

(கடைசித் தாள்)

பிராங்க்ளின், த/பெ. பொன்னுத்துரை, செங்குளம் காலனி. எங்கள் காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஃபைபர் படகைப் பட்டறையில் செய்தவன் நான். அந்தப் படகின் தளத்துக்கு அடியில் என் கையால் நான் வைத்து மூடியது

..............................................................